ரத்தத்தில் மிதக்கும் துண்டுத் தாள்
(மூன்றாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பவியல்)



புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிற டாக்டரிடம் வீட்டு ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "எல்லாத்தையும் எடுத்தாச்சா டாக்டர்?" என்பது. அடுத்த கேள்வி, "திரும்ப வருமா?" முதல் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியும். கட்டியை எடுத்தாயிற்று, வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று பயாப்ஸி ரிப்போர்ட்டும் வந்துவிடும். ஆனால் இரண்டாவது கேள்விக்கு ரொம்ப காலமாக "பார்க்கலாம்" என்பதுதான் பதில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வாருங்கள், ஸ்கேன் எடுப்போம், பார்க்கலாம்.

அந்தப் "பார்க்கலாம்" என்ற இடத்தில் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு தூரம் அதை நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. மெடிக்கல் காலேஜ் பாடத்தைப் பிரிண்டிங் படிக்கிறவள் எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். படித்துப் பாருங்கள், இதில் பாதி நம்ம டிபார்ட்மெண்ட் சமாச்சாரம்!

பிளேட்டில் விழுந்த கீறல்

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானால் அதற்குப் பிறகு சிவகாசியில் மெஷின் ஓய்வதில்லை என்பது நமக்குத் தெரியும். ஒரு ஆப்செட் பிளேட்டில் சின்னக் கீறல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அந்தப் பிளேட்டில் ஓடுகிற ஐயாயிரம் ஷீட்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருக்கும். கட்டிங் மெஷினுக்கு அடியில் குவிகிற வேஸ்ட் பேப்பரில் பத்து ஆபீஸ் தாள் கலந்து கிடந்தாலும், அனுபவப்பட்ட மெஷின்மேன் ஒரு துண்டை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்து, "இது நம்ம பிளேட்டு" என்று சொல்லிவிடுவார். முழுத் தாள் வேண்டாம். கீறல் உள்ள துண்டு போதும்.

உடம்பிலும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீளமான எழுத்துச் சரம் இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. அந்த நாலை வைத்து ஒரு பிரதிக்குச் சுமார் 300 கோடி எழுத்து. செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இதை முழுக்க நகல் எடுக்க வேண்டும். நகலில் தப்பு விழும்; பெரும்பாலும் உடம்பே திருத்திவிடும். திருத்தாமல் விட்ட தப்புகளில் சில சேர்ந்து ஒரு செல்லைக் கட்டுப்பாடு இல்லாமல் பெருக வைத்தால் அதுதான் புற்றுநோய். அந்த ஒரு செல்லில் இருந்து வந்த கோடிக்கணக்கான செல்களிலும் அதே தப்பு, அதே இடத்தில் இருக்கும். பிளேட்டுக் கீறல் மாதிரி.

செல்கள் தினமும் செத்துக்கொண்டே இருக்கின்றன. சாகிற செல்லின் டி.என்.ஏ. துண்டு துண்டாக வெட்டுப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. ஒரு துண்டு பெரும்பாலும் 166 எழுத்து நீளம் இருக்கும். அது ஏன் 166 என்றால், டி.என்.ஏ. வெறுமனே நீட்டிக் கிடப்பதில்லை, நூல்கண்டு போலப் புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. ஒரு உருண்டையில் சுற்றிய நீளம் கிட்டத்தட்ட அவ்வளவு. வெட்டுகிற நொதி உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில்தான் வெட்டுகிறது.

ரத்தத்தில் இப்படி டி.என்.ஏ. மிதக்கிறது என்பதை பிரான்சில் மாண்டெல், மெட்டாய்ஸ் என்ற இருவர் 1948இலேயே எழுதிவிட்டார்கள். டி.என்.ஏ.யின் முறுக்கேணி வடிவம் தெரிந்ததே 1953இல்தான்! அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இந்தத் துணுக்கு அதிகம் என்று 1977இல் கண்டார்கள். 1994இல்தான் கட்டியில் இருக்கிற அதே எழுத்துப்பிழை ரத்தத் துணுக்கிலும் இருப்பதைக் காட்டினார்கள். துண்டுத் தாளில் கீறலைக் கண்டுபிடித்தது அப்போதுதான்.

இந்தத் துணுக்குகள் ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்குவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் பாதி காணாமல் போய்விடும். இதுதான் முக்கியமான விஷயம். கட்டியை எடுத்துச் சில வாரம் கழித்தும் ரத்தத்தில் கட்டியின் துணுக்கு இருந்தால் அது பழைய பாக்கியாக இருக்க முடியாது. எங்கேயோ ஒரு மெஷின் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். ஸ்கேனில் தெரிய வேண்டும் என்றால் கட்டி சில மில்லிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். துணுக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கொஞ்சம் கணக்கு

இவ்வளவு சுலபமாக இருந்தால் 1994இலேயே இந்த டெஸ்ட் வந்திருக்குமே? கஷ்டம் எங்கே என்று பார்க்க ஒரு கணக்குப் போடுவோம். பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

10 மில்லி ரத்தம் எடுத்தால், சிவப்பணு வெள்ளணு எல்லாம் கீழே தங்கும்படி சுற்றி, மேலே நிற்கிற மஞ்சள் நீரைப் பிரித்தால் சுமார் 4 மில்லி பிளாஸ்மா கிடைக்கும். ஒரு மில்லியில் 5 நானோகிராம் டி.என்.ஏ. என்று வைத்தால் மொத்தம் 20 நானோகிராம். மனித டி.என்.ஏ.யின் ஒரு பிரதி 3.3 பிகோகிராம் எடை. 20,000 பிகோகிராமை 3.3 ஆல் வகுத்தால் சுமார் 6,000 பிரதி. அதாவது நாம் தேடுகிற ஒரு இடத்துக்கு மொத்தமே 6,000 துண்டுத் தாள்தான் கையில் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற நோய் கொஞ்சம்தான். பத்தாயிரத்தில் ஒரு துணுக்குதான் கட்டியில் இருந்து வருகிறது என்று மாதிரிக்கு வைப்போம். அப்படியானால் 6,000இல் எத்தனை? 0.6. அதாவது ஒன்றுகூட இல்லை! பாய்சான் சூத்திரம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள்: சராசரி 0.6 என்றால் ஒன்றுமே அகப்படாமல் போக 55 சதவீத வாய்ப்பு. நோய் உடம்பில் இருக்கிறது, பாதிக்கு மேல் தடவை "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். இப்படி ஒரு டெஸ்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஒரு கீறலை மட்டும் தேடாதே, பல கீறலைத் தேடு. ஆபரேஷனில் எடுத்த கட்டியை முதலில் முழுக்கப் படித்து, அந்த ஆளின் கட்டிக்கே உரிய 16 பிழைகளைப் பொறுக்கி எடுத்து, ரத்தத்தில் பதினாறையும் ஒரே நேரத்தில் தேடுகிற முறை இன்று இருக்கிறது. இப்போது சராசரி 0.6 பெருக்கல் 16, அதாவது 9.6. ஒன்றுமே அகப்படாமல் போகிற வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நிஜ லேபில் சேதாரம் உண்டு, இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் வழி இதுதான்.

நாலு வண்ணத்தில் படிப்பு

இந்த எழுத்துக்களை எப்படிப் படிக்கிறார்கள்? இங்கேதான் நம்ம ஆள் ஒருவர் வருகிறார். சங்கர் பாலசுப்ரமணியன் 1966இல் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகவே பெற்றோருடன் இங்கிலாந்து போனவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். அவரும் டேவிட் கிளெனர்மன் என்பவரும் 1997இல் அங்கே ஒரு பீர் கடையில் உட்கார்ந்து பேசியதில் உருவான யோசனை, 1998இல் சோலெக்ஸா என்ற கம்பெனி ஆனது. 2007இல் அதை இல்லுமினா என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. இன்று உலகம் முழுக்க ஓடுகிற டி.என்.ஏ. படிக்கும் மெஷின்களில் பெரும்பகுதி அந்த முறையில் வந்தவைதான். 2017இல் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்கள்.

முறை இதுதான். துணுக்குகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வைத்து, ஒவ்வொன்றையும் அதே இடத்தில் ஆயிரம் நகலாகப் பெருக்கி ஒரு புள்ளி ஆக்குகிறார்கள். நம்ம ஆப்செட் டாட் மாதிரி. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு எழுத்து போய் ஒட்டும். நாலு எழுத்துக்கும் நாலு ஒளிரும் சாயம். லேசர் அடித்து கேமராவில் படம் எடுத்தால் எந்தப் புள்ளி எந்த வண்ணம் என்று தெரியும். சாயத்தை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த சுற்று. நாம் நாலு கலரை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படத்தை உருவாக்குகிறோம். அவர்கள் நாலு கலரை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்தைப் படிக்கிறார்கள். பின்னால் வந்த சில மெஷின்களில் இரண்டே சாயத்தை வைத்து நாலு எழுத்தையும் சமாளிக்கிறார்கள். அது எப்படி என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு உடனே பிடிபடும்.

இதிலும் ஒரு சிக்கல். மெஷினே ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தப்பாகப் படிக்கும். நாம் தேடுவதோ பத்தாயிரத்தில் ஒன்று. பிளாங்கெட்டில் ஒட்டிய தூசியால் விழுகிற புள்ளியையும் பிளேட்டுக் கீறலையும் எப்படிப் பிரிப்பது? 2011இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்த வழியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம பில்புக் நம்பரிங் மெஷின்! நகல் எடுப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தனி நம்பர் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு எத்தனை நகல் எடுத்தாலும் நம்பர் கூடவே வரும். 4721 என்ற நம்பர் போட்ட எல்லா நகலிலும் பிழை இருந்தால் அது மூலத்திலேயே இருந்தது, நிஜம். ஒன்றிரண்டு நகலில் மட்டும் இருந்தால் மெஷின் செய்த தப்பு, தள்ளிவிடு.

ஆஸ்திரேலியாவில் செய்து பார்த்தது

சரி, இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? இதற்குப் பதில் சொல்ல பெருங்குடல் புற்றுநோய்தான் சரியான உதாரணம், ஏனென்றால் அதில்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் என்றால், நோய் குடல் சுவரைத் தாண்டியிருக்கலாம், ஆனால் நிணக் கணுக்களுக்குப் போகவில்லை. நூறு பேரில் சுமார் 80 பேருக்கு ஆபரேஷன் மட்டுமே போதும், நோய் திரும்பாது. மிச்சப் பேருக்குத் திரும்பும். அந்த மிச்சப் பேர் யார் என்று தெரியாததால், சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால் கீமோ கொடுப்பார்கள்.

மெல்போர்னில் ஜீன் டை என்ற பெண் டாக்டரும் அவர் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கீமோ எடுக்காத 178 பேரின் ரத்தத்தை ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்தார்கள். 14 பேருக்குத் துணுக்கு இருந்தது. அந்த 14 பேரில் 11 பேருக்கு நோய் திரும்பியது. துணுக்கு இல்லாத 164 பேரில் 16 பேருக்குத்தான் திரும்பியது. 79 சதவீதம் எங்கே, 10 சதவீதம் எங்கே!

கணிப்பது ஒன்று, அதை வைத்து வைத்தியத்தை மாற்றுவது வேறு. அதையும் செய்து பார்த்தார்கள். 455 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு வழக்கமான முறை. மற்றவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து 4ஆவது வாரமும் 7ஆவது வாரமும் ரத்தம் எடுத்து, துணுக்கு இருந்தால் மட்டும் கீமோ. 2022இல் முடிவு வந்தது. வழக்கமான முறையில் நூற்றுக்கு 28 பேர் கீமோ எடுத்தார்கள். ரத்தம் பார்த்த பிரிவில் 15 பேர்தான். இரண்டு வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அங்கே 92.4 சதவீதம், இங்கே 93.5 சதவீதம். கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கீமோவை நிறுத்தியும் நஷ்டம் எதுவும் இல்லை.

15, 28 என்று எழுதும்போது வெறும் எண்ணாகத்தான் தெரியும். எங்கள் பெரியம்மா இருபத்தைந்து வருடமாகச் சரம் பின்னுகிறவர். பட்டாசு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சின்ன வெடிகளின் திரியை நூலில் கோத்து வரிசையாகப் பின்னுவது, பின்னிய கணக்குக்குக் கூலி. அவருக்கு இதே நோய், இதே இரண்டாம் நிலை. ஆபரேஷன் நன்றாக நடந்தது. குடும்பத்தில் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ஃபைலை என் கையில் கொடுத்து, "தாயி, இதுல என்ன போட்ருக்கு?" என்று கேட்டார். இங்கிலீஷில் இருந்ததை டிக்ஷனரி வைத்துப் படித்துச் சொன்னேன். திரும்ப வர வாய்ப்பு உண்டு என்று நினைக்கும்படி ஒரு வரி அதில் இருந்தது. அதனால் கீமோ போட்டார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தும் அதில் சேர்ந்தது. அந்த மருந்து ஏறிய பிறகு பச்சைத் தண்ணியில் கை வைத்தால் ஷாக் அடிப்பது போல இருக்கும், போகப் போக விரல் நுனி மரத்துப் போகும். அந்த மருந்தின் குணம் அது. சிலருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடுகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கிறது. பெரியம்மாவுக்கு இன்னும் சரியாகவில்லை. திரி விரலுக்கு அகப்படவில்லை என்கிறார். இப்போது பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார்.

டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அவர் கையில் இருந்த தகவலை வைத்து உயிரைக் காப்பாற்றத்தான் முடிவு எடுத்தார்; பெரியம்மாவும் நன்றாக இருக்கிறார். அந்தக் கீமோ தேவைப்பட்டவர்களில் அவர் ஒருவரா, தேவைப்படாதவர்களில் ஒருவரா என்பது இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை. 28க்கும் 15க்கும் நடுவில் இருக்கிற 13 பேர் என்றால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

எங்கே சறுக்கும்?

ஜப்பானில் 1,039 பேரைப் பார்த்து 2023இல் வெளியிட்ட ஆய்விலும், ஆபரேஷன் முடிந்து நாலு வாரத்தில் துணுக்கு இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் சுமார் பத்து மடங்கு என்றுதான் வந்தது. தொடர்ந்து ரத்தம் பார்த்து வந்தால் ஸ்கேனில் தெரிவதற்குச் சராசரியாக 8.7 மாதம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது என்று 2019இல் டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது. இதையெல்லாம் படித்துவிட்டு, ஆகா, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

மேலே சொன்ன 164 பேரில் 16 பேரை மறக்காதீர்கள். ரத்தம் சுத்தம் என்று வந்தும் நோய் திரும்பியது. எல்லாக் கட்டியும் ஒரே அளவு துணுக்கைக் கொட்டுவதில்லை. மூளைக் கட்டி ரொம்பக் குறைவாகக் கொட்டும். நுரையீரல் கட்டிகளில் ஒரு வகையும் அப்படியே. ஆபரேஷன் முடிந்த உடனே ரத்தம் எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. வெட்டுக்காயத்தில் சாகிற நல்ல செல்களின் துணுக்கு வெள்ளமாக வந்து, தேடுகிற துணுக்கை மூடிவிடும். வயதானவர்களின் வெள்ளணுக்களிலேயே புற்றுநோய் மாதிரித் தோற்றமளிக்கிற எழுத்துப் பிழைகள் சேர்ந்திருக்கும். அதனால் வெள்ளணுவையும் தனியாகப் படித்துக் கழிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி, துணுக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? அதே ஆஸ்திரேலியக் குழு மூன்றாம் நிலை நோயாளிகளிடம் சோதித்து 2025இல் முடிவைச் சொன்னது. துணுக்கு இருந்தவர்களுக்குக் கீமோவின் வீரியத்தைக் கூட்டிக் கொடுத்தும் பலன் கூடவில்லை. நோய் திரும்பப் போகிறது என்று சொல்ல முடிகிறது, தடுக்கக் கையில் நல்ல மருந்து இல்லை. அப்படிப்பட்ட செய்தியை ஒரு மனுஷன் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமா? எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், "தெரிஞ்சா பிள்ளைக்குக் கல்யாணத்தையாவது முடிச்சிரலாம்" என்றார். இன்னொருவர், "ஆறு மாசம் நிம்மதியா இருந்திருப்பேன், அதையும் கெடுத்துட்டீங்க என்பேன்" என்றார். இருவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

விருதுநகரில் இருந்து பார்த்தால்

விலைதான் முதல் தடை. அமெரிக்காவில் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கான டாலர். நம் நாட்டிலும் சில தனியார் லேப்கள் செய்கின்றன, ஆனால் வாரக் கூலி வாங்குகிற வீட்டுக்கு எட்டுகிற தொகை இல்லை. குடல் புற்றுநோய்க்கு சி.இ.ஏ. என்ற பழைய ரத்தப் பரிசோதனை உண்டு. 1965இல் கண்டுபிடித்த புரதம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். அது எல்லாருக்கும் ஏறாது, பீடி சிகரெட் குடிப்பவர்களுக்குச் சும்மாவே கொஞ்சம் ஏறி நிற்கும். இருந்தாலும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் தவறாமல் எடுக்க வேண்டியது அதைத்தான்.

இரண்டாவது, ரத்தத்தின் பயணம். சாதாரண டியூபில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுற்றிப் பிரிக்காவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.யைக் கொட்டிவிடும். பத்தாயிரத்தில் ஒன்று என்பது லட்சத்தில் ஒன்று ஆகிவிடும். செல் உடையாமல் சில நாள் காக்கிற விசேஷ டியூப் உண்டு. அதுவும் நம்ம சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் கிடந்தால் கெட்டுப் போகும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ரத்தத்தைச் சுற்றிப் பிரித்துக் குளிரில் வைத்து அனுப்புகிற அளவு வேலைக்கு வெளிநாட்டு மெஷின் வேண்டாம். சென்ட்ரிஃப்யூஜும் ஃப்ரீசரும் நிற்காத கரண்டும் போதும். இந்த வேலையில் டிப்ளமோ படித்த நமக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, எந்தக் கீறலைத் தேடுவது என்பது. கட்டியைத் தனியாகப் படிக்காமல், பலருக்குப் பொதுவாக வருகிற பிழைகளை மட்டும் தேடுகிற மலிவான முறையும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் கட்டிகளைப் படித்துப் போட்டவை. நம்ம மக்களின் கட்டியில் எது அதிகம் என்று நாமே பார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு அந்த வேலையின் ஆரம்பம். முதலில் மார்பகப் புற்றுநோயை எடுத்து, 480 பேரின் திசுக்களில் இருந்து 960 மாதிரிகளைப் படித்து, ஆராய்ச்சி செய்கிறவர்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, யார் வீட்டிலாவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால் ஒரு விஷயம். எடுத்த கட்டியின் துண்டை மெழுகுக் கட்டிக்குள் வைத்து, 'பிளாக்' என்று சொல்லி, ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி பிரிவில் பாதுகாத்து வைப்பார்கள். பல வருடம் கழித்தும் அதில் இருந்து டி.என்.ஏ. எடுத்துப் படிக்கலாம். பதினாறு கீறலைப் பொறுக்கி எடுப்பது அதில் இருந்துதான். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஒரு நம்பர் போட்டிருக்கும். அந்த நம்பர் இருந்தால் பிளாக்கைத் தேடி வாங்கிவிடலாம். ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு வைக்கிற கவரிலேயே வையுங்கள்.